சிவப்பைத் துரத்தாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் தொட்டியின் படங்களைப் பார்த்தேன். பின்வரிசையில் ரோட்டாலா ரோட்டண்டிஃபோலியா நன்றாகப் புதர் கட்டியிருக்கிறது. கல் அடுக்கிய விதத்தில் கை பழகியிருப்பது தெரிகிறது. வலது மூலையில்தான் சங்கடம். அடித்தண்டு கறுத்து, உச்சி சுருண்டு, நான்கைந்து குச்சிகள் நிற்கின்றன. அவைதான் ரோட்டாலா மக்ராண்ட்ரா என்று நீ எழுதியிருக்காவிட்டால் எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது. "செடி சிவக்க இரும்புச்சத்தைக் கூட்டட்டுமா, லைட்டைக் கூட்டட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு இரண்டையும் தொடாதே. இதே கேள்வியோடு இன்னும் பல இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதால் உனக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். கடையில் பிளாஸ்டிக் கப்பில், வெளிநாட்டு லேபிளோடு விற்பதால் அது ஏதோ அமேசான் காட்டுச் சரக்கு என்று நினைக்கிறார்கள். அது நம் பக்கத்து வீட்டுப் பெண். மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் மேற்குச் சரிவும் அதற்குத் தாய்மண். 1880-இல் எமில் கோனே என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அதை விவரித்துப் பெயரிட்டார். மருதாணியும் மாதுளையும் பூமருதும் அதன் குடும்பம்தான். நம் வயல் வரப்புகளில் நிற்கும் நீர்மேல்நெருப்பு அதற்கு நெருங்கிய சொந்தம். வடகேரளத்தில் கண்ணூர், காசர்கோடு பக்கம் வெட்டுக்கல் எடுக்கிற செம்பாறை மேடுகளுக்கு மழைக்காலத்தில் போனால், ரோட்டாலா இனத்தில்தான் எத்தனை வகை என்று மலைத்துப்போவாய். ஜூன் மாதம் மழை இறங்கியதும் பாறைப் பள்ளங்கள் நிரம்பும். சுண்ணாம்பு அதிகம் கலக்காத, லேசான புளிப்புத்தன்மையுள்ள மழைத்தண்ணீர் அது. அதற்குள் இவை மூழ்கி வளரும். மழை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் சேற்றில் படர்ந்து, இலையின் உருவத்தையே மாற்றிக்கொண்டு பூத்துவிடும்.

இந்த ஒரு பத்தியில் உன் பிரச்சினையில் பாதிக்குப் பதில் இருக்கிறது. மக்ராண்ட்ரா நீருக்கு உள்ளும் வாழும், வெளியிலும் வாழும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் புதியவற்றைக் கட்டும். நர்சரிகளில் பெரும்பாலும் இதை நீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். அப்படி வந்த தண்டின் இலைகள் சிறிதாகவும் தடிப்பாகவும் பச்சையோடும் இருக்கும். நீ அதை மூழ்கவைத்ததும் அவை பழுத்துக் கண்ணாடிபோலாகிக் கரையும். செடி செத்துவிட்டது என்று பயந்து பிடுங்கிவிடாதே. உச்சியில் மெல்லிய, ஓரம் நெளிந்த, ரோஜாநிறப் புது இலை ஒரு ஜோடி வருகிறதா என்று பார். வந்தால் பிழைத்துவிட்டது. அந்தப் புதுத் தண்டை வெட்டி நட்டுவிட்டு, பழைய அடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். முடிந்தால் மூழ்கிய நிலையில் வளர்ந்த தண்டை வேறொரு வளர்ப்பாளரிடம் கேட்டு வாங்கு. கடைக் கப்பைவிட அது பத்து மடங்கு மேல்.

இனி தண்ணீர். தமிழ்நாட்டில் மக்ராண்ட்ரா தோற்பதற்கு முதல் காரணம் போர் தண்ணீர்தான் என்பது என் கணிப்பு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. நாம் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் 200 என்பதே தொட்டிக்காரர்கள் பேசும் ஜி.எச். கணக்கில் 11 டிகிரி. பல ஊர்களில் கடினத்தன்மையோடு கே.எச். என்கிற கார்பனேட் அளவும் ஏறித்தான் இருக்கும், மக்ராண்ட்ராவுக்கு எமன் அதுதான். கே.எச். ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருந்தால் அது சந்தோஷமாக இருக்கும். எட்டு, பத்து என்றால் உச்சி குறுகிப்போகும், நீ என்ன உரம் கொட்டினாலும் சரி. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் நீ கொடுத்துவைத்தவன், நேராக ஊற்று. சென்னையில் மெட்ரோ தண்ணீர் ஏரியாவுக்கு ஏரியா, மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் ஒரு டெஸ்ட் கிட் வாங்கு. டி.டி.எஸ். மீட்டர் மட்டும் போதாது. உப்பு எவ்வளவு என்று அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது.

போர் தண்ணீர்தான் கதி என்றால் ஆர்.ஓ. தண்ணீரை எடு. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வைக்காதே. கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத தண்ணீரில் உச்சி முறுக்கிக்கொண்டு வரும். 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒன்பது கிராம் ஜிப்சம், நாலரை கிராம் எப்சம் உப்பு. இதில் ஜி.எச். நான்கு டிகிரி வந்துவிடும், கே.எச். ஏறாது. ஜிப்சம் சீக்கிரம் கரையாது. முந்தின இரவே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி வை. முழுக்க ஆர்.ஓ. தண்ணீரே ஊற்ற வசதி இல்லையா, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கையும் போர் தண்ணீரில் ஒரு பங்கையும் கலந்து ஆரம்பி. ஆனால் எப்போதும் அதே பங்கு. இன்னொரு எச்சரிக்கை: வீட்டு மாடியில் கல்லுப்பு போட்டு ஓட்டுகிறார்களே, சாஃப்ட்னர், அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, கே.எச். அப்படியே இருக்கும். துணி துவைக்கத்தான் அது நல்லது.

அடுத்தது காற்று. கார்பன் டை ஆக்சைடைச் சொல்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும்.

காற்றில் ஒரு வாயு பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வெளியில் நிற்கும் செடிக்கு மூச்சுபோல வந்து சேரும் கார்பன், நீருக்குள் இலையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தைத் தாண்டவே தவிக்கிறது. ரோட்டண்டிஃபோலியா இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கும். மக்ராண்ட்ரா சமாளிக்காது. லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு வாயு கரைந்திருக்க வேண்டும். அதைக் காட்டத்தான் டிராப் செக்கர். அதற்குள் கே.எச். நான்கு டிகிரிக் கரைசலை மட்டும் ஊற்று, தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டால் அது சொல்வதெல்லாம் பொய். நீலம் என்றால் போதவில்லை, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கியிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் அது நிறம் மாறும் என்பதையும் மறக்காதே. ஏழு மணிக்கு வால்வைத் திருப்பிவிட்டு ஏழே காலுக்கு நிறம் பார்த்து மறுபடி திருப்புகிறவன் மீனைக் கொல்வான்.

லைட் எரியத் தொடங்கும்போதே செக்கர் பச்சையாக இருக்க வேண்டும். அதற்கு லைட்டுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பே, வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வான சொலினாய்டு திறக்கும்படி டைமரை வை. லைட் அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடிவிடு. பல பேர் லைட்டையும் வாயுவையும் ஒரே டைமரில் மாட்டிவிடுகிறார்கள். அப்போது காலை முதல் இரண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், சாப்பாடு இருக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில் லாபம் பார்ப்பது பாசி ஒன்றுதான்.

சர்க்கரை–ஈஸ்ட் பாட்டிலை வைத்து மக்ராண்ட்ரா வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வாழ்த்திவிட்டு நகர்ந்துவிடு. முதல் இரண்டு நாள் பொங்கும், அப்புறம் இறங்கும், புதுப் பாட்டில் மாற்றினால் மறுபடி பொங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் இந்தச் செடிக்கு ஆகாது. குறைவான அளவு ஒரே சீராக வந்தால்கூடத் தாங்கிக்கொள்ளும், இன்று 35 நாளை 12 என்றால் உச்சியை மூடிக்கொண்டு நின்றுவிடும். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் போடுகிற உருளை பரவாயில்லை. ஆனாலும் இந்தச் செடிக்காக ஒரே ஒரு பொருளில்தான் பணம் போட முடியும் என்றால் நல்ல ரெகுலேட்டரில் போடு. லைட்டில் போடாதே. மார்க்கெட்டில் 'லிக்விட் கார்பன்' என்று விற்கிறார்களே, அதன் உள்ளே இருப்பது குளூட்டரால்டிஹைடு. மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ரசாயனம் அது. பாசியைக் கொல்லும், வாயுவுக்கு ஈடாகாது.

சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்க முடியாது. அதற்கு மேல் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். நம் ஊர் மே மாதத்தில் பால்கனி ஓரம், ஜன்னல் வெயில் படும் இடம், இவற்றில் சிலிண்டர் நிற்கக் கூடாது. நிறைத்துக் கொடுக்கும் கடைக்காரர் "கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன் சார்" என்று அன்பாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. குறிப்பிட்ட எடைக்கு மேல் ஒரு கிராம்கூட வேண்டாம். படுக்கவைத்துப் பயன்படுத்தாதே, திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும்.

வெயில் என்றதும் வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 22 முதல் 27 டிகிரி வரை இதற்கு இதம். சென்னையிலும் மதுரையிலும் ஏப்ரல், மே மாதங்களில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் வாயு கரைவது குறையும். 20 டிகிரியில் கரைவதில் கால் பங்கு 30 டிகிரியில் போய்விடும். ஆக்சிஜனும் அப்படித்தான். அதே சமயம் செடியின் சுவாசச் செலவு ஏறும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு நூலாகி, அடி அழுகும். தொட்டியின் மேல்மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின்மேல் சிறிய ஃபேன் இரண்டு ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சில்லர் விலை கேட்டால் மயக்கம் வரும், ஃபேனே போதும். ஆனால் ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்புகள் ஆவியாகாது. குறையும் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் மே கடைசிக்குள் கே.எச். எங்கேயோ போய் நிற்கும். கோடையில் லைட் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறை. அந்த இரண்டு மாதம் செடியை வளர்க்காதே, காப்பாற்று.

இப்போது நீ கேட்ட சிவப்புக்கு வருகிறேன்.

அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. அதிக வெளிச்சம் படும்போது இலை தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொள்ளும் திரை. அதனால் வெளிச்சம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் உன் லைட் ஏற்கெனவே போதுமானது. அதை 100 சதவீதத்துக்கு ஏற்றினால் வாயுவும் உரமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், உன் தொட்டியில் அவை கொடுக்கவில்லை. இரும்பு போட்டால் சிவக்கும் என்பது தொட்டி உலகத்தின் பழைய நம்பிக்கை. இரும்பு பற்றாதபோது புது இலை வெளிறும் என்பது உண்மை. தேவைக்குமேல் போட்டால் சிவப்புக் கூடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரும்புத்தூள் வாங்கும்போது வேறொன்றைக் கவனி. இ.டி.டி.ஏ. வகை, பி.எச். ஆறரைக்கு மேல் போனால் இரும்பைப் பிடித்துவைக்காது. டி.டி.பி.ஏ. வகை ஏழு, ஏழரை வரை தாங்கும். கடினத் தண்ணீர்க்காரர்கள் எவ்வளவு இரும்பு போட்டும் இலை வெளிறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்னொரு கூட்டம் நைட்ரேட்டைப் பட்டினி போட்டால் சிவக்கும் என்று சொல்லும். ரோட்டண்டிஃபோலியாவில் அந்த வித்தை பலிக்கிறது. போட்டிக்குப் படம் எடுக்கும் முன் சில வாரங்கள் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. மக்ராண்ட்ராவில் செய்யாதே. சிவப்பு அதன் இயல்பு, வயிறு நிறைந்தாலும் சிவக்கும். பட்டினி போட்டால் இலை சிறுத்து, அடி உதிர்ந்து, அப்புறம் எழாது. உன் கண்ணையும் நம்பாதே. சிவப்பும் நீலமும் கலந்த நவீன எல்.இ.டி. லைட்டின் கீழ் வாடிய செடியும் சிவப்பாகத்தான் தெரியும். ஒரு தண்டை வெளியே எடுத்து, பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் வைத்துப் பார். ஆரோக்கியமான இலையின் மேற்புறம் செம்பு கலந்த சிவப்பு. திருப்பினால் அடிப்புறம் அதைவிட அடர்ந்த, கிட்டத்தட்ட மஜந்தா நிறம். இலை பட்டுத்துணிபோல் துவண்டு விரலில் ஒட்டும். நடுநரம்பு மட்டும் வெளிறித் தெரியும். அந்த அடிப்புற நிறம்தான் எனக்கு அளவுகோல். மேற்புறத்தை லைட் ஏமாற்றும்.

உரத்துக்கு விலையுயர்ந்த பாட்டில் தேவையில்லை. சொட்டுநீர் விவசாயிகள் வாங்குகிற உரக்கடைக்குப் போ. 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்று கேட்டால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 100 லிட்டர் தொட்டியில் 13-0-45 ஒரு கிராம் போட்டால் நைட்ரேட் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் கூடும், பொட்டாசியம் கிட்டத்தட்ட நான்கு. வாரத்துக்கு இரண்டு கிராம், மூன்று நாளாகப் பிரித்துப் போடு. 0-52-34 வாரத்துக்குக் கால் கிராம் போதும். கடைக்காரர் 19-19-19-ஐ எடுத்து நீட்டி, "எல்லாம் இதுலயே இருக்கு தம்பி" என்பார். அதில் யூரியாவும் அம்மோனியாவும் இருக்கின்றன. தோட்டத்துக்கு நல்லது, தொட்டிக்கு விஷம். வார இறுதியில் பாதித் தண்ணீரை மாற்று. டாம் பார் என்ற அமெரிக்கர் பரப்பிய முறை இதன் அண்ணன்தான். அவர் தாராளமாகக் கொட்டி, பாதித் தண்ணீரை மாற்றி உரம் குவிந்துகொண்டே போகாமல் பார்த்துக்கொள்வார். மக்ராண்ட்ராவுக்கு அந்தத் தாராளத்தில் பாதி போதும், நுண்ணூட்டங்களில் இன்னும் குறைவு.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்வா சாயில் போட முடிந்தால் போடு. அது கே.எச்.ஐ உறிஞ்சித் தண்ணீரை மென்மையாக்கும், கடின ஊர்க்காரர்களுக்கு அதுவே பாதி உதவி. முதல் நான்கு வாரம் அம்மோனியா கக்கும். அப்போது மீனும் வேண்டாம், மக்ராண்ட்ராவும் வேண்டாம். மண்புழு உரத்தைப் பரப்பி மேலே ஆற்றுமணல் மூடுகிற நம் ஊர் முறையில் வேறு செடிகள் கொழிக்கும். இதைப் பிடுங்கிப் பிடுங்கி நட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தடவையும் உரம் மேலே கிளம்பும், அதனால் வேண்டாம் என்கிறேன்.

நடுவது ஒரு கலை. கடையில் கட்டியிருக்கும் ஈயப் பட்டையையோ ரப்பரையோ அவிழ். கட்டாக நட்டால் நடுவில் இருப்பவை அழுகும். ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, அடி இரண்டு கணு இலைகளை நகத்தால் கிள்ளி எடு. இழுக்காதே, தண்டின் தோல் உரியும். மக்ராண்ட்ராவின் தண்டு நீர் நிறைந்த குழாய். இடுக்கியை அழுத்திப் பிடித்தால் பிடித்த இடத்தில் நசுங்கும், நான்கு நாளில் அங்கே பழுப்பு வளையம் தெரியும், ஆறாவது நாள் தண்டு இரண்டாகி மேல்பாதி மிதக்கும். நுனி வளைந்த நீள இடுக்கியால், நசுக்காமல் தாங்கிப் பிடித்து, மண்ணுக்குள் சாய்வாக இறக்கி, இடுக்கியை லேசாகத் திறந்து, பக்கவாட்டில் உருவு. தண்டுக்குத் தண்டு இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடு. இப்போது சொட்டையாகத் தெரியும். மூன்று வாரத்தில் இலைகள் ஒன்றையொன்று தொடும். நெருக்கி நட்டால் அடியில் வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் கீழ் இலைகள் கழன்றுவிடும். உன் படத்தில் கறுத்திருப்பது அதனால்தான் என்று சந்தேகிக்கிறேன்.

வெட்டுவதில் ரோட்டண்டிஃபோலியாவை முடி வெட்டுவதுபோல் சமன்செய்யலாம், அது கிளைத்து வரும். மக்ராண்ட்ராவை அப்படி வெட்டினால் சில அடிகள் கிளைக்கும், சில சும்மா நின்று பாசி பிடிக்கும். உச்சி நீர்மட்டத்தைத் தொடும் முன் மேல் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டரை வெட்டி எடு. அடியை ஒரு மூலையில் விட்டுவைத்துக் கிளை வருகிறதா பார், உச்சிகளைப் பழைய இடத்தில் புதிதாக நடு. உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால். வாயு சரியில்லாத வாரத்திலோ வெப்பம் ஏறிய வாரத்திலோ கத்தரியைத் தொடாதே.

செடியைப் படிக்கக் கற்றுக்கொள். கீழ் இலையில் தெரியும் ஓட்டை போன மாதத்துக் கதை, அதற்கு இன்று மருந்து கிடையாது. உச்சி மூன்று ஜோடி இலைகளைப் பார். அவை முந்தையவற்றைவிடப் பெரிதா சிறிதா, நிமிர்ந்து விரிகின்றனவா சுருள்கின்றனவா. ஒரு மாற்றம் செய்தால் அதன் பலன் உச்சியில் எழுதப்பட எட்டுப் பத்து நாளாகும். பொறுமையில்லாதவன் மூன்றாம் நாள் உரத்தை மாற்றுவான், ஐந்தாம் நாள் லைட்டை மாற்றுவான். பத்தாம் நாள் செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, செத்தாலும் எதனால் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுது: கே.எச்., வெப்பம், செக்கர் நிறம், உரம். மக்ராண்ட்ராவை வளர்ப்பவர்களிடம் ரகசிய மருந்து ஏதும் இருப்பதாக நினைக்காதே. அவர்கள் தொட்டியில் ஒரு வாரம் போலவே மறு வாரமும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் கேள்விக்கு இப்போது நேராகச் சொல்கிறேன்: இந்த மாதம் கே.எச்.ஐ மட்டும் மூன்றுக்குக் கீழே கொண்டுவா. அடுத்த மாதம் வாயுவின் டைமரைச் சரிசெய். அதன் பிறகும் இலை வெளிறியிருந்தால் இரும்பைப் பற்றிப் பேசலாம்.

கலையைப் பற்றியும் கேட்டிருந்தாய். டச்சுக்காரர்கள் பெரும்பாலும் தண்டுச் செடிகளால் தொட்டி அமைக்கும் மரபைப் பல தலைமுறையாகப் பேணுகிறார்கள். செடிகளைச் சரிவாகப் படிப்படியாக நட்டு ஒரு தெருபோல உள்ளே ஓடவிடுவதை 'லைடன் தெரு' என்பார்கள். அவர்களிடம் சிவப்பு என்பது கண்ணை நிறுத்தும் ஓரிடம். எங்கும் சிவப்பு என்றால் கண் எங்கும் நிற்காது. ஜப்பானின் தகாஷி அமானோ வேறு பாதை பிடித்தார். 1982-இல் நீகாட்டாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கி, கல்லும் மரமும் பச்சையுமாக நிலக்காட்சியைத் தொட்டிக்குள் கொண்டுவந்தார். 2015-இல் லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டியை முடித்துவிட்டு, அதே ஆண்டில் காலமானார். உன் கல் அடுக்கு அவர் வழி, உன் செடி ஆசை டச்சு வழி. இரண்டையும் ஒரே மூன்றடித் தொட்டியில் திணிக்கிறாய். மக்ராண்ட்ராவின் அகன்ற இலை, சிறிய தொட்டியில் கற்களின் அளவையே கெடுத்துவிடும். மலைபோல் தெரிந்த கல் கூழாங்கல்லாகிவிடும். இந்தக் கல் அமைப்பைக் காப்பாற்ற விரும்பினால் சிறிய இலை வகையைத் தேடு. மக்ராண்ட்ராதான் வேண்டுமென்றால் கல்லை எடுத்துவிடு. எனக்கு உன் செடி ஆசைதான் பிடித்திருக்கிறது.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். செடி நம் மலையில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதைக் கேட்டுவிட்டுக் கோணிப்பையோடு கண்ணூருக்கு ரயில் ஏறாதே. அந்தச் செம்பாறை மேடுகளைக் கல்லுக்காக வெட்டித் தின்றுகொண்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் பள்ளங்களை நாமும் சுரண்ட வேண்டாம். அதே மண்ணின் ஆறுகளில் வாழும் மிஸ் கேரளா மீன், அலங்கார மீன் ஏற்றுமதிக்காக அள்ளப்பட்டே அருகிப்போன இனங்களின் பட்டியலில் ஏறியது. வளர்ப்புச் செடி சென்னை கொளத்தூரில் கிடைக்கும், இல்லாவிட்டால் தபாலில் வரும். எனக்கு எழுது, நானே தண்டு அனுப்புகிறேன்.

இரண்டாவது வேண்டுகோள் வெட்டிப்போட்ட மிச்சத்தைப் பற்றியது. 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஒரு வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. கொரோனாக் காலத்திலும் ஜனம் திரண்டுபோய்ப் படம் எடுத்தது. அந்தப் பூ கபோம்பா ஃபுர்காட்டா, தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிகளுக்காக வந்த தண்டுச் செடி. தொட்டியில் வளர்ப்பதற்கு மக்ராண்ட்ரா அளவுக்கே நம்மை அழவைக்கும் செடி அது. கேரள வாய்க்காலில் அதற்கு எந்த வாயுவும் உரமும் தேவைப்படவில்லை, மற்ற நீர்ச்செடிகளை மூடிக்கொண்டு பரவிவிட்டது. தொட்டியில் நோஞ்சானாக நிற்பது ஏரியிலும் நோஞ்சானாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதே. வெட்டிய தண்டுகளைச் சாக்கடையிலோ ஏரியிலோ கோயில் குளத்திலோ போடாதே. மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, செடித்தொட்டி மண்ணில் கலந்துவிடு. மாற்றியெடுத்த தண்ணீரையும் தோட்டத்துக்கே ஊற்று.

அன்புடன்,
உன் அண்ணன்